இடது என்று கத்தியது நான்தான்

சுகன்யா,

இந்தக் கடிதத்தில் கருவாட்டு வாடை அடித்தால் உன் அம்மாவைக் குறை சொல்லாதே. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவள் கூடையில் இப்போது கருவாடுதான். நாளைக் காலை காரைக்கால் மார்க்கெட்டுக்கு அவள் வரும்போது, கூடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்து உன் கையில் கொடுக்கச் சொன்னது நான்தான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே எனக்குக் கேலி வந்துவிடும். நீ சிரிப்பாய். "சரிப்பா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு விஷயம் நம் பேச்சில் அப்படித்தான் நழுவிப் போகிறது. பட்டினச்சேரியில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். தெருவிளக்குக்கு, ரேஷன் கார்டுக்கு, படகு லைசென்சுக்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து, உட்கார்ந்து, நிதானமாகப் படி.

நேற்று நீ அம்மாவிடம் போனில் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, அவள்தான் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். போலகம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்க்கிற வேலை உனக்கு வந்திருக்கிறது என்றாய். நீ ஆசைப்பட்ட வேலை அது. நர்சிங் படிக்கும்போதே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், உள்ளே போக ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னாய். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தாய் பார், அதுதான் என்னை இப்படி உட்கார வைத்தது. "எனக்குத்தான் இடது வலதே தெரியாதேம்மா. நான் எங்க வண்டி ஓட்டறது?" என்றாய். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு இடது வலது நன்றாகத் தெரியும். ஏழு வயதிலேயே தெரியும். தெரியாது என்று ஊரை நம்ப வைத்தவன், உன்னையும் நம்ப வைத்தவன், உன் அப்பன். அன்றைக்கு நடந்ததை இப்போது உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். உனக்கு ஞாபகம் இருப்பது பாதிதான்.

அதுவும் ஒரு தடைக்காலம். படகெல்லாம் கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருந்தோம். நம் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் பழகுவது எப்போதுமே தடைக்காலத்தில்தான். பள்ளிக்கூடம் லீவு, அப்பன்மார்களும் கரையில் இருப்பார்கள், வலை பழுது பார்க்கிற வலைக்கூடத்துக்கு முன்னால் சிமெண்டுத் தரை காலியாகக் கிடக்கும். உனக்குக் காரைக்காலில் ஒரு சிவப்புச் சைக்கிள் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அம்மா உனக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். அவள் பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போனவள். நான் விடவில்லை. ஏனென்றால் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே, வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி நீ கேட்டாய்: "அப்பா, ஒங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாமயா?" என்றேன். எனக்குத் தெரியாது, சுகன்யா. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஒரு தடவைகூட நான் சைக்கிளில் ஏறி மிதித்ததில்லை. எட்டு வயதில் படகில் ஏறியவன், அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. நான் எங்கேயாவது சைக்கிளில் போய் நீ பார்த்திருக்கிறாயா? யோசித்துப் பார். எப்போதும் நடை, இல்லாவிட்டால் பஸ், இல்லாவிட்டால் நம் படகில் கூட வருகிற கலியபெருமாளின் வண்டியில் பின்னால்.

பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன என்று நினைத்தேன். முதல் இரண்டு நாள் அது சரியாகத்தான் போனது. நீ நல்ல பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்வாய். குனியாதே என்றால் நிமிர்வாய், மிதி என்றால் மிதிப்பாய். மூன்றாவது நாள் காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் கையை விட்டேன். நீ ஓட்டிவிட்டாய். யாரும் பிடிக்காமல், தடுமாறாமல், முப்பது நாற்பது அடி தூரம் உன் பாட்டுக்குப் போனாய். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். உனக்குச் சைக்கிள் வந்துவிட்டது. அந்த முப்பது நாற்பது அடியைப் பற்றி அதற்குப் பிறகு யாருமே பேசவில்லை.

அப்புறம் வண்டி மெல்ல இடது பக்கமாக ஒதுங்கியது. அந்தப் பக்கம் படகு வரிசை. வலது பக்கம் வெறும் மணல், போய் விழுந்தால்கூட ஒன்றும் ஆகாது. நீ வலது பக்கம் திரும்ப வேண்டும். நான் கத்தினேன். "இடது தள்ளு! இடது தள்ளு!" என்றுதான் கத்தினேன்.

பைபர் படகில் எஞ்சின் பின்னால் இருக்கும், அதோடு சேர்ந்த கைப்பிடியும் பின்னால் இருக்கும். படகு வலது பக்கம் போக வேண்டுமானால் கைப்பிடியை இடது பக்கம் தள்ள வேண்டும். இடது பக்கம் போக வேண்டுமானால் வலது பக்கம். எனக்கு இது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகச் செய்யும், வாயும் தானாகச் சொல்லும். எதிரே ஒன்றைப் பார்த்துப் பதறினால் என் வாயிலிருந்து வருவது படகுக்கான வார்த்தைதான். நீ படகு இல்லை. நீ ஏழு வயதுப் பிள்ளை, கையில் இருந்தது சைக்கிள். அப்பா இடது என்றார், நீ இடது பக்கம் திருப்பினாய். படகு கண்ணெதிரே நிற்கிறது, அதில் போய் இடிக்கப் போகிறோம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் திருப்பினாய், அப்பா சொன்னாரே என்று.

படகின் முனையில் மோதி உன் இடது முன்கை முறிந்தது. தோல் கிழிந்து ரத்தம். தூக்கிக்கொண்டு நிமிர்ந்தால் சுற்றிலும் ஆட்கள். வலைக்கூடத்தில் இருந்த எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். எனக்குப் பயம். பயத்தில் எனக்கு எப்போதும் வருவது கோபம். "இடது எது வலது எதுன்னு தெரியாத பொண்ண வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது!" என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே சொன்னாய், "நீங்க இடதுன்னுதாம்ப்பா சொன்னீங்க." நான் உடனே, "வலது பக்கம் போன்னுதான சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். "கேட்டீங்கள்ல?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் எப்படி விழுந்தாய் என்று கேட்டபோது, "தப்பாத் திருப்பிட்டேன்" என்றாய்.

அந்த நேரத்தில் நான் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. வலது பக்கம் போகச் சொன்னதாகத்தான் சத்தியமாக நம்பினேன். இதை எனக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை, இதற்கு மேல் வருவது இதைவிட மோசம். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனோம். உன் கையில் இன்னும் கட்டு இருந்தது. கலியபெருமாள் முன்னால் நின்று பார்த்துக்கொண்டு வந்தான். தண்ணீரில் ஒரு கட்டை மிதந்து வந்தது. "இடது தள்ளு மச்சான்!" என்று அவன் கத்தினான், நான் தள்ளினேன், படகு வலது பக்கம் வளைந்தது, கட்டை ஓரமாக நழுவிப் போயிற்று. அன்றைக்கு நான் என்ன கத்தினேன் என்பது அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. கரைக்கு வந்ததும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வந்தால் நீ வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாய், சிரித்துக்கொண்டிருந்தாய். சின்னப் பிள்ளை, மறந்துவிடும், நாமாக எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஊரிலேயே கைப்பிடி பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், சொந்தப் பிள்ளையைப் படகில் மோதவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ மறக்கவில்லை. அம்மா உன் இடது கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள், அடையாளத்துக்கு. கயிறு அறுந்த பிறகு உனக்கு அந்தத் தழும்பு அடையாளமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிரில் நடக்கும்போது டீச்சர் "லெப்ட்" என்று சொன்னால் நீ ஒரு நொடி நின்று முன்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவாய். ஆட்டோக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டால் வாயால் சொல்லமாட்டாய், கையை நீட்டிக் காட்டுவாய். வீட்டில் விருந்தாளி வந்தால் இதுதான் சிரிப்பு. சிரிப்பை ஆரம்பித்து வைப்பது பெரும்பாலும் நான்.

உனக்குப் பதினொரு வயதில் இன்னொன்று நடந்தது. பெண் பிள்ளைகளைப் படகில் ஏற்றுவது நம் ஊரில் வழக்கமில்லை. நீ அடம்பிடித்தாய் என்று ஒரு நாள் சாயங்காலம் ஆற்று முகத்துவாரத்துக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய் வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? பாதி வழியில் கைப்பிடியை உன்னிடம் கொடுத்தேன். எதிரே மணல் திட்டு வந்தது. "இடது தள்ளு!" என்றேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் இடது பக்கம் தள்ளினாய். படகு திட்டை விட்டு அழகாக விலகியது. நான்கு வருடத்துக்கு முன்னால் நான் கத்தியதும் அதே வார்த்தைதான், நீ செய்ததும் அதே காரியம்தான். அன்றைக்குக் கை முறிந்தது, இந்தத் தடவை படகு பிழைத்தது. உன் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நீ என் முகத்தைப் பார்த்து, "சரியாத் தள்ளிட்டேனாப்பா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "பரவால்லியே" என்று மட்டும் சொன்னேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அந்த "பரவால்லியே"தான். வாய் தவறிக் கத்தியது ஒரு நொடித் தப்பு. இது தெரிந்தே செய்தது.

உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வாசலில், "வலது கால எடுத்து வச்சு வாம்மா" என்றார்கள். புடவை, மாலை, அவ்வளவு கூட்டம், அதற்கு நடுவில் நீ நின்று, வளையலை ஒதுக்கி, தழும்பைத் தொட்டுப் பார்த்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

போதும், என் தப்பைச் சொல்லி முடித்தாயிற்று. இனி அப்பனாக நான் சொல்வதைக் கேள். நீ எட்டு வருடமாக நர்சு. நோயாளி உன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். உன் இடது பக்கம் இருப்பது அவருடைய வலது கை. டாக்டர் சீட்டில் எழுதிய கையை நீ ஒரு நாளாவது மாற்றிப் பிடித்திருக்கிறாயா? எதிரே இருப்பவருடைய பக்கத்தைத் தலைக்குள்ளேயே புரட்டிப் போட்டுச் சரியாகச் செய்கிறவளுக்கா இடது வலது தெரியாது? நான் அறிந்தவரை நம் குடும்பத்தில் அதை மிக நன்றாக அறிந்தவள் நீதான். உனக்குச் சந்தேகம் வருவது எந்தப் பக்கம் என்பதில் இல்லை, உன் மேல்தான். அதை உண்டாக்கியவன் நான், எடுக்கிற வேலையும் என்னுடையது. இனிமேல் யாராவது உனக்கு இது வராது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. அவர் என்ன ஓட்டிப் பழகியவர் என்று முதலில் பார். மேலதிகாரியாக இருந்தாலும் சரி, மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது விழுந்து எழுந்து ஏதாவது சொன்னால், கூட்டத்தைப் பார்க்காதே, பிள்ளை சொல்வதைக் கேள். என்னிடம் நீ அன்றைக்குச் சொன்னது முழுக்க உண்மை.

கடிதத்தில் மட்டும் ஒப்புக்கொண்டு ஒளிந்துகொள்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஊர் முன்னால் பேசியதை ஊர் முன்னால்தான் திருத்த வேண்டும். இன்று காலை வலைக்கூடத்துக்குப் போனேன். எல்லோரும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தலையாட்டியவர்களில் நான்கைந்து பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன்: "எம்பொண்ணு தப்பாத் திருப்பல. நாந்தான் இடதுன்னு கத்துனேன். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது." பிறகு கலியபெருமாள் ஊசியைக் கீழே வைத்தான். "இடதுன்னுதான் கத்துன மச்சான். எனக்கும் கேட்டுச்சு," என்றான். "கேட்டுதுன்னா அப்ப ஏண்டா தலையாட்டுன?" என்றேன். "நீ கத்துனது சரிதானே, வலதால போவணும்னா இடது தள்ளணும். எங்க காதுக்கு அது சரியாத்தான் பட்டுது. புள்ளதான் கேக்கலன்னு நெனச்சோம்." அங்கே இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அத்தனை பேரும் படகுக்காரர்கள், சுகன்யா. அந்த இடத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது நீ ஒருத்திதான். கலியபெருமாள் கீழே வைத்த ஊசியை எடுக்காமலே, "அந்தப் பொண்ணு அன்னைக்கி என் மூஞ்சியப் பாத்துச்சு மச்சான்" என்றான். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்கிறான். வந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. மாப்பிள்ளையையும் அழைத்து வா. அதே சிமெண்டுத் தரைதான், படகெல்லாம் இப்போதும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. இந்தத் தடவை அம்மா சொல்லிக் கொடுப்பாள், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் விட்டிருக்க வேண்டியதுபோல. முதலில் சைக்கிள், பெரியவர்கள் ஓட்டுகிற ஒன்றை இரவல் வாங்கிவிட்டேன், ஒரு மணி நேரம் போதும். அந்த முப்பது நாற்பது அடி உன் உடம்புக்குள் எங்கேயும் போய்விடவில்லை. பிறகு கலியபெருமாளின் மகளுடைய ஸ்கூட்டர், கேட்டு வைத்துவிட்டேன். நான் பின்னால் ஓடி வரமாட்டேன். படகு ஓரமாக உட்கார்ந்திருப்பேன், என்ன நடந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். நீ ஓட்டிவிடுவாய், இதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. திங்கட்கிழமை அவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை ஓட்டி முடித்த பிறகு நீயே முடிவு செய். நீ முடிவு செய்வது எதுவானாலும் எனக்குச் சம்மதம். இடது வலது தெரியாதவள் என்பது மட்டும் அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது.

நீ ஓட்டி முடித்ததும் அந்தச் சைக்கிளை அங்கேயே நிறுத்தி வை, உள்ளே எடுத்துப் போகச் சொல்லாதே. அதன் பிறகு ஏறப் போவது நான். ஐம்பத்தெட்டு வயதில் விழுந்தால் சிரிக்க வலைக்கூடமே காத்திருக்கிறது, சிரித்துவிட்டுப் போகட்டும். பின்சீட்டை நீ பிடித்துக்கொள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நீ சொல். இடது என்று நீ சொன்னால், எதிரே படகே நின்றாலும் இடது பக்கம் திருப்புகிறேன்.

உன் அப்பா